முட்டைக்கு வளர்க்கும் கோழிகள் போதவில்லை: புதிதாக ஆறு சேர்க்க எந்த இனம் நல்லது?

முற்றத்துவாசி:
வணக்கம். வீட்டுத் தேவைக்காக ஐந்து பெட்டைக்கோழிகள் வைத்திருக்கிறோம். மூன்று ரோட் ஐலண்ட் ரெட், இரண்டு பழுப்புக் கலப்பினம். எல்லாம் இரண்டு வயதைத் தாண்டியவை. முன்பெல்லாம் முட்டை மிஞ்சும், இப்போது ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கே இழுபறி. பழையதைக் கழிக்கும் எண்ணம் இல்லை, பிள்ளைகள் விடமாட்டார்கள். அதனால் இன்னும் ஆறு சேர்க்கலாம் என்று நினைக்கிறோம்.

கூண்டு 50 சதுர அடி, வேலி போட்ட திறந்த இடம் அதைப் போல மூன்று மடங்கு. கோடையில் வெயில் கடுமை, குளிர்காலம் மிதம். சேவல் வேண்டாம். முட்டைதான் முதல் தேவை, ஆனால் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிந்தாலும் பொறுத்துக்கொள்ளும் கோழியாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு மகள் நீல முட்டை கேட்கிறாள். ஒரே இனமாக ஆறு எடுப்பதா, கலந்து எடுப்பதா?

கொக்கரக்கோ:
ஆஸ்திரலார்ப். யோசிக்கவே வேண்டாம். 1922-23இல் ஆஸ்திரேலியாவில் நடந்த முட்டைப் போட்டியில் ஆறு ஆஸ்திரலார்ப் கோழிகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டன. கோழிக்கு 309.5. நீங்களும் ஆறுதான் கேட்கிறீர்கள்!

மஞ்சள்கரு:
கொக்கரக்கோ அண்ணா சொல்லும் எண் உண்மைதான், ஆனால் அது போட்டிக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம். முற்றத்தில் மேயும் கோழியிடம் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதனால் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், ஒரு நாள் விடுபடும். நல்ல கோழி முதல் வருடத்தில் வாரத்துக்கு ஐந்து இட்டால் திருப்தி அடையுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை குறையும், இறகு உதிரும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் சுத்தமாக நின்றும் போகும்.

எனவே முதலில் வாரத்துக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆறு பேருக்கு வாரம் முப்பது என்றால், புதிய கோழி ஆறே அதைத் தந்துவிடும், பழசு இடுவது உபரி. நீங்கள் கவலைப்பட வேண்டியது இந்த வருடத்தைப் பற்றி அல்ல, மூன்றாவது வருடத்தைப் பற்றி.

தீவனக்கணக்கு:
முட்டைதான் முதல் தேவை என்றால் லெகார்னை ஏன் யாரும் சொல்லவில்லை? உடல் எடை இரண்டு கிலோவுக்குப் பக்கம். கனத்த இனங்கள் மூன்று கிலோவைத் தாண்டும், அந்த உடம்பைக் காப்பாற்றவே தீவனம் போகும். லெகார்ன் தின்பது முட்டையாகத் திரும்பி வரும். நல்ல வம்சம் வருடத்துக்கு 280க்கு மேல் இடும். அடை உட்காருவது அபூர்வம். பெரிய கொண்டை வழியாக உடல் சூடு வெளியேறுவதால் வெயிலையும் தாங்கும். இத்தாலியிலிருந்து வந்த இனம், லிவோர்னோ துறைமுகத்தின் பெயர்தான் திரிந்து லெகார்ன் ஆனது.

அடைக்காரி:
அண்ணா, அவர் பிள்ளைகள் தூக்கும் கோழி என்று எழுதியிருக்கிறார். லெகார்னைத் தூக்குவதற்கு முதலில் பிடிக்க வேண்டுமே! ஆறடி வேலியை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. நிழல் அசைந்தாலே கூட்டமே அலறும். குறை சொல்லவில்லை, விழிப்பாக இருப்பதால்தான் பருந்துக்குத் தப்பிக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு உகந்தது அல்ல.

என் கை லைட் சசெக்ஸ் பக்கம்தான். சாதுவான குணம், வருடத்துக்கு 200 முதல் 250 முட்டை. கோடுபோட்ட பிளிமத் ராக்கும் அதே தரம். ஆர்பிங்டனை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், மடியில் உட்காரும் கோழி அது. ஆனால் உங்கள் வெயிலுக்கு அந்த அடர்ந்த இறகு பாவம், அடிக்கடி அடையும் உட்காரும். சேவல் இல்லாத வீட்டில் அடைக்கோழி ஒன்று முட்டைப் பெட்டியை அடைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் இடாமலும் எழாமலும் கிடப்பதை யோசித்துப் பாருங்கள். என் பெயரைப் பார்த்தீர்கள் அல்லவா, அனுபவத்தில் சொல்கிறேன்.

முற்றத்துவாசி:
எல்லோருக்கும் நன்றி. வாரம் முப்பது போதும். ஒரு சந்தேகம்: எங்கள் கலப்பினம் இரண்டும் முதல் வருடம் கொட்டோ கொட்டென்று இட்டன. அதையே ஆறு வாங்கினால் என்ன? கிடைப்பதும் சுலபம். ஆனால் இப்போது அதில் ஒன்றுக்கு வயிறு தண்ணீர்ப் பை போலத் தொங்குகிறது, நடையும் அகலமாகிவிட்டது. அது இனக்கோளாறா?

வேலியோரம்:
முதலில் அந்தக் கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி முட்டைக்கரு வயிற்றுக்குள் தப்பிவிழுந்து ஏற்படும் அழற்சியாகவும் இருக்கலாம், நீர் கோத்ததாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோலத்தான்.

இனக்கோளாறு என்று நேராகச் சொல்ல முடியாது. ஆனால் நிறைய முட்டை இடும்படி தெரிவு செய்து வளர்த்த கோழிகளில் இந்தப் பிரச்சினை கூடுதல். பெட்டைக்கோழிக்குச் சினைப்பைப் புற்று தானாகவே வருவதால், மனிதர்களுக்கு வரும் அந்த நோயை ஆராய்கிறவர்கள்கூடக் கோழியை மாதிரியாக வைத்துப் படிக்கிறார்கள். வருடத்துக்கு 300 தடவைக்கு மேல் கரு வெளியேறும் உடம்பு அது. ஐஎஸ்ஏ பிரவுன் போன்ற பழுப்புக் கலப்பினங்களை உருவாக்கியவர்கள் முதல் சுற்று முட்டைக்காகவே உருவாக்கினார்கள். பண்ணையில் அதற்குப் பிறகு அவற்றை வைத்திருப்பதில்லை. முதுமை என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதனால் கலப்பினம் கூடாது என்று நான் சொல்லவில்லை. குணத்தில் அவ்வளவு சாது வேறு இல்லை. பிறந்த அன்றே நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்பது பெரிய வசதி. பொன்னிறச் சேவலை வெண்ணிறப் பெட்டையோடு சேர்த்தால் பெண்குஞ்சு செம்மையாகவும் ஆண்குஞ்சு வெளுப்பாகவும் வரும். நிற மரபணு பால் குரோமோசோமில் இருப்பதால் இது நடக்கிறது. எந்த வெள்ளைக்கும் அல்ல, வெள்ளிநிற மரபணு உள்ள இனத்துக்கு மட்டும். ஆனால் அந்தக் குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளமும் குலையும், முட்டை எண்ணிக்கையும் சிதறும்.

ஆகவே ஒரு வருடம் முட்டை, பிறகு கழிப்பு என்று இருப்பவருக்கு அது சரி. கழிக்க மாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்கு ஆறும் கலப்பினமாக எடுப்பது சரியில்லை. மூன்றாம் வருடம் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்.

கொக்கரக்கோ:
இதற்குத்தான் தூய இனம் என்றேன்.

வேலியோரம்:
தம்பி, தூய இனம் என்று பெயர்ப்பலகை போட்டால் போதாது. ஒரே இனத்தில் காட்சிக்கு வளர்த்த வம்சம் வேறு, முட்டைக்கு வளர்த்த வம்சம் வேறு. ரோட் ஐலண்ட் ரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்பாகப் பளபளக்கும் காட்சிக்கோழி, செங்கல் நிற முட்டைக்கோழியைவிடக் குறைவாகத்தான் இடும். இறகையும் கொண்டையையும் மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால் முட்டை பின்னால் போய்விடும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “என்ன இனம்?” அல்ல. “இதன் தாய் வாரத்துக்கு எத்தனை இட்டது, எத்தனை வயது வரை இட்டது?” இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் சுமாரான இனம் வாங்கினாலும் பரவாயில்லை.

தீவனக்கணக்கு:
இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிய 280ம் வம்சத்தைப் பொறுத்ததுதான்.

இறகுப்பேனா:
நீல முட்டை கேட்ட மகளுக்காக எழுதுகிறேன்.

நீலம் தரும் இனங்களில் முக்கியமானது சிலி நாட்டிலிருந்து வந்த அரகானா. அதன் வழிவந்தது அமெராக்கானா. இவற்றைக் கண்டபடி கலந்து பிறப்பதை ஈஸ்டர் எக்கர் என்கிறார்கள். அது இனம் அல்ல, ஒரு கலவை. இந்த நிறம் வந்த கதை சுவாரசியமானது. முன்னொரு காலத்தில் ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் மரபணுத் தொகுப்புக்குள் புகுந்து தங்கிவிட்டது. அதனால்தான் பிலிவெர்டின் என்ற நிறமி முட்டை ஓடு முழுக்க ஊறுகிறது. நீல முட்டையை உடைத்தால் ஓட்டின் உட்புறமும் நீலமாக இருக்கும். பழுப்பு அப்படி இல்லை. அது கடைசிக் கட்டத்தில் மேலே பூசப்படும் நிறமி, உட்புறம் வெளுப்பாகவே இருக்கும். நீல ஓட்டின் மேல் பழுப்பு பூசினால் பச்சை.

ஈஸ்டர் எக்கரில் எந்தக் கோழி என்ன நிறம் இடும் என்று குஞ்சாக இருக்கும்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. நீலம் உறுதியாக வேண்டும் என்றால் அமெராக்கானா, பரவாயில்லை என்றால் ஈஸ்டர் எக்கர். பின்னது பட்டாணிக் கொண்டை (தலையோடு ஒட்டிய சிறு கொண்டை), சாதுவான குணம், முட்டையும் மோசமில்லை. கடும் பழுப்பு வேண்டும் என்றால் பிரான்சின் மாரன்ஸ். ஆனால் வருடத்துக்கு 150 முதல் 200தான். இடும் பருவம் நீள நீள அந்தச் சாக்லேட் நிறமும் வெளுத்துக்கொண்டே வரும்.

சுவையிலும் சத்திலும் ஓட்டின் நிறத்தால் எந்த மாற்றமும் இல்லை, அது தீவனத்தைப் பொறுத்தது. ஆனால் நிறத்தால் ஒரு நடைமுறை லாபம் உண்டு. எந்தக் கோழி இடுகிறது, எது நின்றுவிட்டது என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பதினொரு கோழியும் பழுப்பாக இட்டால் அந்தக் கணக்கு உங்களுக்குக் கிடைக்காது.

அடைக்காரி:
சில்க்கி பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் அதைத்தான் கேட்பார்கள். இறகு தண்ணீரைத் தடுக்காது, தலைக்குஞ்சம் கண்ணை மறைக்கும், பக்கத்தில் வரும் கோழியே தெரியாது. ரோட் ஐலண்ட் ரெட் அதிகாரம் செய்யும் இனம். மூன்று மூத்த ரெட்டுக்கு நடுவே சில்க்கியோ, தலைக்குஞ்சம் பெருத்த போலிஷோ போனால் கொத்து வாங்கியே சாகும்.

மஞ்சள்கரு:
இந்தப் புள்ளிதான் முக்கியம். இனப்பட்டியலை எண்ணிக்கை வரிசையில் அடுக்குவதைவிட, உங்கள் ரெட் கோழிகளுக்கு எதிரே நிற்கக்கூடிய உடல்கட்டு உள்ளதா என்று பாருங்கள். ஆஸ்திரலார்ப், சசெக்ஸ், பிளிமத் ராக், வயண்டாட் நான்கும் அந்த எடைக்கு அருகில் வரும். ஈஸ்டர் எக்கர் கொஞ்சம் சிறியது, சண்டைக்குப் போகாது. அதைத் தனியாக விடாமல் இரண்டாக எடுங்கள். எந்த இனமாக இருந்தாலும் ஒற்றைக் கோழியைப் பழைய கூட்டத்தில் சேர்க்கக் கூடாது.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துவிடும். அதனால் கோடையில் மெல்லிய ஓடு, தோல்முட்டை எல்லாம் வரும். சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாமல் அது சரியாகாது. ஆஸ்திரலார்ப் கறுப்பு, நேர் வெயிலில் சூடு பிடிக்கும், ஆனால் நல்ல நிழல் இருந்தால் சமாளிக்கும்.

வேலியோரம்:
வெயில் மட்டும்தான் பிரச்சினை என்றால் மொட்டைக்கழுத்துக் கோழியை மிஞ்ச ஆள் இல்லை. உடலில் இறகே பாதிதான். பார்க்க நன்றாக இருக்காது, பிள்ளைகள் பழகிவிடுவார்கள். எகிப்தின் ஃபயோமியும் சூட்டுக்கும் நோய்க்கும் கெட்டி, ஆனால் கையில் சிக்காது, முட்டையும் சிறியது. கடும் பனி விழும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்: ரோஜாக் கொண்டை வயண்டாட், பட்டாணிக் கொண்டை பிரம்மா. நீண்ட ஒற்றைக் கொண்டை பனியில் கருகும்.

மஞ்சள்கரு:
எல்லோரும் எந்த இனம் என்று பேசுகிறோம், எப்போது என்று யாரும் பேசவில்லை. முற்றத்துவாசி, உங்களுடைய இப்போதைய சிக்கல் எதனால் வந்தது? ஐந்தும் ஒரே வயது. ஒன்றாக இட்டன, ஒன்றாக இறகு உதிர்த்தன, ஒன்றாகக் குறைந்தன. இப்போது ஆறையும் ஒரே நேரத்தில் வாங்கினால் முதல் வருடம் முட்டையை என்ன செய்வது என்று தெரியாது, மூன்று வருடம் கழித்து இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

மூன்று அல்லது நான்கு இப்போது, மீதி அடுத்த வருடம் என்று பிரியுங்கள். வசந்தத்தில் பொரித்த விடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) 20 வாரத்துக்குப் பக்கம் முட்டை தொடங்கும், கனத்த இனம் 24, 26 வாரம்கூட ஆகும். முதல் வருடத்தில் பல விடைகள் பெரிய இறகு உதிர்ப்பு இல்லாமலேயே கடந்துவிடும். பழசு நிற்கும் பகல் குறைந்த மாதங்களில் புதுசு இடும். வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு வயது கைகொடுக்கும்.

முற்றத்துவாசி:
இது நான் யோசிக்காத கோணம். ஆனால் இரண்டு தடவை சேர்த்தால் இரண்டு தடவை சண்டை வருமே?

மஞ்சள்கரு:
வரும். ஒவ்வொரு புது வரவுக்கும் கூட்டத்தின் வரிசை கலைந்து மறுபடி அமையும். ஒரு வாரம், இரண்டு வாரம் கூச்சல். ஆனால் நான்கு கோழி வருவது ஐந்து கோழிக் கூட்டத்துக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. தவிர, அடுத்த வருடம் வரும்போது இந்த நான்கும் புதுசுக்கும் பழசுக்கும் நடுவே இருக்கும். எனக்கு இரண்டு சின்னச் சண்டை மேல், மூன்றாம் வருடத்தில் காலியான கூடையைவிட.

தீவனக்கணக்கு:
சேர்க்கும் முறை: முதலில் தனிமை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில், தனித் தண்ணீர், தனித் தீவனம், முப்பது நாள். மைக்கோபிளாஸ்மா போன்ற மூச்சு நோய்க்கிருமிகள் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும், இடம் மாறும் அழுத்தத்தில் தும்மலாக வெளிப்படும். மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி பொரித்த அன்றே போட வேண்டியது. போட்ட கோழிக்கு நோய் வராவிட்டாலும் வைரஸைச் சுமந்து பரப்ப முடியும், அதனால் போடாத பழைய கோழிகள் இருந்தால் கவனம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு நடுவே வலை போட்டு ஒருவரையொருவர் பார்க்கவிடுங்கள். அப்புறம் திறந்துவிடலாம். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள், துரத்தப்படும் கோழி பட்டினி கிடக்காது.

முட்டை தொடங்காத விடைக்கு முட்டைக்கோழித் தீவனம் போடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம், வளரும் கோழிக்குச் சிறுநீரகம் கெடும். சேர்ந்து மேயும் காலத்தில் எல்லோருக்கும் வளர்கோழித் தீவனம், கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். வேண்டிய கோழி தானே பொறுக்கும்.

கொக்கரக்கோ:
இடம் போதுமா? 50 சதுர அடி.

தீவனக்கணக்கு:
கோழிக்கு நான்கு சதுர அடி என்றால் பன்னிரண்டு நிற்கும். பதினொன்று வரை சரி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முட்டைப் பெட்டி நான்கு ஐந்து கோழிக்கு ஒன்று, ஆக மூன்று. உட்காரும் கம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண்.

முற்றத்துவாசி:
சரி, வீட்டில் பேசினோம். இந்த வருடம் நான்கு: இரண்டு ஆஸ்திரலார்ப், இரண்டு ஈஸ்டர் எக்கர். அடுத்த வருடம் இரண்டு லைட் சசெக்ஸ். லெகார்னை என் மனைவி விரும்பினார், ஆனால் வேலியை உயர்த்தும் வேலை என் தலையில் விழும் என்பதால் ஒத்திவைத்தோம். வயிறு வீங்கிய கோழியை மருத்துவரிடம் காட்டினோம், நீர் எடுத்திருக்கிறார், இப்போது மேய்கிறது. அதன் முட்டைக்காலம் முடிந்தது என்றும் சொன்னார்.

கடைசியாக ஒன்று: குஞ்சாக வாங்குவதா, விடையாக வாங்குவதா?

அடைக்காரி:
விடைதான். பிரிக்காத குஞ்சு வாங்கினால் பாதி சேவலாக வரும், நீங்கள் சேவல் வேண்டாம் என்கிறீர்கள். ஈஸ்டர் எக்கரில் பால் பிரிப்பது இன்னும் சிரமம். பதினாறு வார விடை என்றால் கொண்டையையும் கழுத்து இறகையும் பார்த்தே தெரியும். கூர்மையான நீண்ட கழுத்து இறகு சேவலுடையது, நுனி வட்டமாக இருந்தால் பெட்டை.

பிள்ளைகளோடு பழக வேண்டும் என்பதற்காகக் குஞ்சு வாங்க நினைத்தால், அதற்குத் தீனியைக் கையில் வைத்துக் கொடுத்தாலே போதும். ஆஸ்திரலார்ப் சில வாரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வேலியோரம்:
வாங்கப் போகும்போது கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மார்பெலும்பு நேராக இருக்க வேண்டும், இருபுறமும் சதை தெரிய வேண்டும். மலவாயைச் சுற்றி ஈரமோ எச்சமோ ஒட்டியிருக்கக் கூடாது, அங்கே இறகின் அடியில் செள்ளு முட்டை இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். கண்ணில் நுரை, மூக்கில் ஈரம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முடிந்தால் சாயங்காலம் போங்கள். கோழிகள் அடங்கியபின் கொட்டகைக்குள் சும்மா நின்றால் கீச்சுமூச்சு, தும்மல் எல்லாம் காதில் விழும். பகல் இரைச்சலில் அது கேட்காது.

முற்றத்துவாசி:
குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போகிறோம்.